சொந்த ஆள்களப் பெயரில் ஒரு வலைப்பதிவும் அதன் காப்புப்பிரதியும்

இணையம் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது மாணவர்களிற் பலர் ஆள்களப் பெயர், சேவையகம், இணையத்தளம் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே கருதி எழுதிவிடுகின்றனர். "ஆள்களப் பெயர் என்பது இணையத்தளம் சேமிக்கப்படும் இடமாகும்" என்பது வருடாவருடம் நாம் காணும் விடை. இதற்குப் புள்ளி கிடையாது. வரைவிலக்கணங்களை மனனம் செய்வதால் இக்குழப்பம் தீர்வதில்லை. ஒரு வலைப்பதிவை நீங்களே தொடங்கி நடத்துவதாக எண்ணிக்கொண்டு பின்வருவனவற்றை வாசியுங்கள்.

உங்கள் ஊரில் உள்ள குளங்களுக்கும் ஒழுங்கைகளுக்கும் ஏன் அப்பெயர்கள் வந்தன என்று முதியவர்களிடம் கேட்டு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல்கள் இவை. சொன்னவர்களில் சிலர் இன்னும் சில வருடங்களில் இருக்கமாட்டார்கள். ஆகவே எழுதியது அழிந்தால் மீண்டும் கேட்டு எழுத வழியில்லை.

தொடங்குவதற்கு எளிய வழி இலவசச் சேவை ஒன்றாகும். 1999 இல் தொடங்கி 2003 இல் கூகிள் நிறுவனம் வாங்கிய புளொக்கர் இதற்கு நல்ல உதாரணம். பதிவு செய்த சில நிமிடங்களில் ஒரு முகவரி கிடைத்துவிடும். ஆனால் அம்முகவரியில் உங்கள் பெயரோடு அந்தச் சேவையின் பெயரும் ஒட்டியிருக்கும். இதில் என்ன நட்டம்? ஜியோசிற்றீஸ் என்ற இலவசச் சேவைக்கு நடந்ததைப் பாருங்கள். 1994 இல் தொடங்கப்பட்ட அதனை யாகூ நிறுவனம் 1999 இல் வாங்கியது. உலகெங்கும் ஏராளமானோர் தம் முதலாவது இணையப் பக்கத்தை அங்கேதான் அமைத்தனர். 2009 ஒக்டோபர் 26 இல் யாகூ அதை மூடியது. பக்கங்களைப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்தவர்களுக்கும் ஓர் இழப்பு இருந்தது. வாசகர்கள் அறிந்திருந்த முகவரி ஜியோசிற்றீஸின் பெயரில் இருந்ததால் அது செயலிழந்தது. டைப்பாட் என்ற வலைப்பதிவுச் சேவையும் 2025 செப்ரெம்பர் 30 உடன் மூடப்பட்டது. அது கட்டணச் சேவை. எனவே "காசு கொடுத்தால் மூடமாட்டார்கள்" என்றும் எண்ணவேண்டாம்.

முகவரி உங்களுடையதாக இருக்கவேண்டுமாயின் ஆள்களப் பெயர் ஒன்றை நீங்களே பதிவுசெய்ய வேண்டும். இங்கேதான் முதலாவது வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும்.

இணையத்தோடு இணைந்த சேவையகம் ஒவ்வொன்றையும் அடையாளங்காண ஓர் எண் முகவரி உண்டு. 192.0.2.15 என்பது அதன் வடிவத்துக்கு ஓர் உதாரணம். இத்தகைய எண்களை மனிதரால் நினைவில் வைத்திருப்பது கடினம். ஆரம்ப காலத்தில், கணினிகளின் பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரேயொரு பட்டியற் கோப்பை அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனம் பேணியது. மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துப் பயன்படுத்தினர். கணினிகள் பெருகவே அது கட்டுக்கடங்காமற் போயிற்று. 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் வடிவமைத்த ஆள்களப் பெயர் முறைமை அதற்குப் பதிலாக வந்தது. நீங்கள் உலாவியில் ஒரு பெயரைத் தட்டச்சுச் செய்ததும் இம்முறைமை அதற்குரிய எண்ணைத் தேடிக் கொடுக்கிறது. பெயர் எதையும் சேமித்து வைப்பதில்லை. சேமித்து வைத்திருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது, அவ்வளவுதான்.

இலங்கைக்குரிய 'டொட் எல்கே' 1990 முதல் உள்ளது. 2010 இல் '.இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் ஆள்களமும் கிடைத்தது. குளத்தின் பெயரையே தமிழில் முகவரியாக வைக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

பெயரை வாங்குவதாக நாம் பேச்சில் சொன்னாலும் உண்மையில் அது குறித்த காலத்துக்கான பதிவு. காலம் முடியுமுன் புதுப்பிக்காவிட்டால் பெயர் செயலிழக்கும். பின்னர் வேறொருவர் அதைப் பெற்றுக்கொள்ளவும் கூடும். 1999 டிசம்பரில் மைக்ரோசொஃப்ட் நிறுவனமே தன் ஆள்களப் பெயர் ஒன்றைப் புதுப்பிக்கத் தவறியது. அதனால் ஹொட்மெயில் பாவனையாளர் பலர் தமது மின்னஞ்சலைப் பார்க்க முடியாமற் போனது. இதை அவதானித்த வெளியார் ஒருவர் 35 டொலரைச் செலுத்திய பின்னரே நிலைமை சீராகியது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அப்படியென்றால் நமக்கு நாட்காட்டியில் ஒரு குறிப்பு அவசியம். இன்னொன்று: பதிவு உங்கள் பெற்றோரின் பெயரில் இருக்கட்டும். தளத்தை அமைத்துத் தரும் கடைக்காரரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகியிருந்தால், கடை மூடப்படும் நாளில் பெயரும் கைவிட்டுப் போகும்.

அடுத்தது இடம். உங்கள் கட்டுரைகளும் படங்களும் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு வலைச் சேவையகத்தில் இருக்கவேண்டும். இதற்கு இரு வழிகள் உள்ளன. புளொக்கர் போன்ற சேவையிலேயே உள்ளடக்கத்தை வைத்துக்கொண்டு, உங்கள் ஆள்களப் பெயரை அதற்குச் சுட்டிவிடலாம். இதில் செலவு பெயருக்கு மட்டும். அல்லது ஒரு நிறுவனத்திடம் சேவையகத்தில் இடத்தை வாடகைக்கு எடுத்து, 2003 இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவலாம். இதில் சுதந்திரம் அதிகம், பொறுப்பும் அதிகம். மென்பொருளை இற்றைப்படுத்துவதும் கடவுச்சொல்லைக் காப்பதும் உங்கள் வேலையாகிவிடும். பரீட்சைக்குப் படிக்கும் காலத்தில் முதலாவது வழியே போதும் என்பது என் அபிப்பிராயம்.

வாடகை வீட்டை மாற்றும்போது தபாற்கந்தோரில் புதிய விலாசத்தைக் கொடுப்பதுபோல, சேவை வழங்குநரை மாற்றும்போது ஆள்களப் பெயரின் பதிவேட்டில் சுட்டும் இடத்தை மாற்றிவிடலாம். பழைய தகவலைச் சில கணினிகள் சிறிது நேரம் நினைவில் வைத்திருப்பதால் மாற்றம் எல்லோருக்கும் தெரிய ஓரிரு நாட்கள் செல்லலாம். வாசகர் அறிந்த முகவரி அப்படியே இருக்கும். ஆனால் புதிய வீட்டுக்குக் கொண்டுபோக உங்களிடம் சாமான் இருக்கவேண்டுமே! அதுதான் காப்புப்பிரதி, பேச்சில் 'பெக்கப்' என்கிறோம்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களிற் பலவற்றுக்கு வேறிடங்களில் பிரதிகள் இருந்தன. அவற்றை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. வேறு பிரதி இல்லாத ஏடுகள் போனவை போனவையே. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை மின்வடிவில் பிரதி செய்து பேணுவதன் காரணத்தை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

காப்புப்பிரதி எங்கே இருக்கிறது என்பது அது இருப்பதைப் போலவே முக்கியமானது. ஜேர்னல்ஸ்பேஸ் என்ற வலைப்பதிவுச் சேவையில் இரண்டு வன்தட்டுகள் இருந்தன. ஒன்றில் எழுதப்படுவது அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும் என்று நம்பியிருந்தனர். 2008 இறுதியில் ஒரு தட்டின் தரவுகள் மேலெழுதப்பட்டு அழிந்தன. அழிவும் அதே கணத்தில் மற்றத் தட்டுக்குப் பிரதியாயிற்று. வேறு காப்புப்பிரதி இருக்கவில்லை. சேவை மூடப்பட்டது. இதிலிருந்து ஒரு வினா வரலாம்: கண்ணாடிபோல் உடனுக்குடன் பிரதியாகும் இரட்டைத் தட்டு காப்புப்பிரதி ஆகுமா? ஆகாது. தட்டு பழுதடைவதிலிருந்து அது காக்கும்; தவறுதலாக அழிப்பதிலிருந்து காக்காது.

ஜெஃப் அற்வுட் என்ற புகழ்பெற்ற கணினி எழுத்தாளரின் வலைப்பதிவு 2009 டிசம்பரில் அழிந்தது. அவர் பிரதி எடுத்து வைத்திருந்தார். ஆனால் அதே சேவையகத்தில். வழங்குநரின் காப்புப்பிரதியும் பயன்படவில்லை. இணைய ஆவணக் காப்பகத்திலும் தேடுபொறிகளின் சேமிப்பிலும் வாசகர்களிடமும் எஞ்சியிருந்தவற்றைக் கொண்டே அவர் தளத்தை மீட்டார். பிரபலமில்லாத நமது பதிவைப் பிரதி எடுத்து வைத்திருக்கும் வாசகர் யாரும் இருக்கமாட்டார்.

ஆகவே 3-2-1 என்ற விதியைப் பின்பற்றுங்கள். மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்புச் சாதனங்கள், அவற்றுள் 1 வேறோர் இடத்தில். சேவையகத்தில் இருப்பது ஒன்று, வீட்டுக் கணினியில் ஒன்று, மாமா வீட்டு அலுமாரியில் ஒரு பென் டிரைவ். இவ்வளவுக்கு இடம் போதுமா என்று கேட்பீர்கள். கணித்துப் பார்ப்போம். யூ.டி.எஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைற்று தேவை. "அம்மா" என்பதில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என 5 குறியீடுகள். எனவே 15 பைற்று. ஒரு கட்டுரையில் 4,000 குறியீடுகள் எனின் 12,000 பைற்று. அத்தகைய 300 கட்டுரைகளுக்கு 3,600,000 பைற்று. 1024 ஆல் இருமுறை வகுத்தால் ஏறத்தாழ 3.4 மெகாபைற்று. கைத்தொலைபேசியில் எடுத்த ஒரே புகைப்படம் இந்த அளவுக்கு வரக்கூடும்!

வேர்ட்பிரஸில் எழுத்து தரவுத்தளத்திலும் படங்கள் கோப்புறையிலும் தனித்தனியே இருக்கும். இரண்டையும் எடுக்கவேண்டும். புளொக்கர் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் ஒரே கோப்பாகத் தரும். படங்கள் அதனுள் இரா. எடுத்த கோப்பைத் திறந்தும் பாருங்கள். பிழையான குறிமுறையில் சேமித்த தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறியிருக்கலாம். கோப்பின் அளவை மட்டும் பார்த்து இதை உறுதிசெய்ய இயலாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணிமைச் சேவை, தரவுகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீம்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குக் காப்புப்பிரதி இல்லாமையால் அவை இழக்கப்பட்டன. கடைசிப் பிரதிக்கும் விபத்துக்கும் இடைப்பட்ட காலமே உங்கள் இழப்பின் அளவு. கிழமைக்கு ஒரு கட்டுரை எழுதுபவர் கட்டுரையை வெளியிட்ட அன்றே பிரதி எடுப்பது நல்லது.

மாதிரி வினா: ஒரு மாணவி சொந்த ஆள்களப் பெயரில் வலைப்பதிவு நடத்துகிறாள். ஒவ்வொரு மாத முதலாம் திகதியும் முழுப் பிரதியை வீட்டுக் கணினியில் சேமிக்கிறாள். மே 20 இல் சேவை வழங்குநர் திடீரென மூடப்பட்டார். (அ) அவளது இணைய முகவரி மாறவேண்டுமா? (ஆ) அவள் இழக்கக்கூடியவை எவை? (இ) தளத்தை மீள இயக்க அவள் செய்யவேண்டிய இரண்டு செயல்கள் யாவை?

விடை: (அ) வேண்டியதில்லை. ஆள்களப் பெயர் சேவையகத்திலிருந்து வேறானது. பதிவு நடைமுறையில் உள்ளவரை அது அவளுடையது. (ஆ) மே முதலாம் திகதி பிரதி எடுத்த பின்னர் வெளியிட்ட பதிவுகளும் பின்னூட்டங்களும். (இ) புதிய சேவையகத்தில் பிரதியை நிறுவுதல், ஆள்களப் பெயரைப் புதிய சேவையகத்துக்குச் சுட்டுதல். (இ) இற்கு "புதிய ஆள்களப் பெயரைப் பதிவுசெய்தல்" என்று எழுதுபவர் இக்கட்டுரையின் ஐந்தாம் ஆறாம் பந்திகளை மீண்டும் வாசிக்கவும்.