அலமாரியில் கிடந்த கடிதம்

நான் ஐந்தாம் படிவத்தில் படித்தபோது, மாவட்ட நில அலுவலகத்திலிருந்து தாத்தாவுக்கு ஒரு கடிதம் வந்தது. முழுவதும் மலாய். தாத்தா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். கடிதத்தை மடித்து, மின்கட்டண ரசீதுகளோடு அலமாரியில் வைத்துவிட்டார். சில நாள் கழித்து ரசீது தேடியபோதுதான் அது என் கையில் கிடைத்தது. சாலை விரிவாக்கத்துக்காக எங்கள் வீட்டு நிலத்தை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்றிருந்தது.

"கவர்மெண்டு கேட்டா குடுத்துதானம்மா ஆகணும். நம்ம என்ன பேச முடியும்?" என்றார் தாத்தா.

அவர் சொன்னது பாதி உண்மை. பொதுத் தேவைக்காக நிலம் எடுப்பதைத் தடுப்பது கடினம். ஆனால், போதுமான இழப்பீடு இல்லாமல் சொத்தை எடுக்க எந்தச் சட்டமும் வழிசெய்யக் கூடாது என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு. எடுக்கும் முறையை 1960ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் வகுத்திருக்கிறது.

தாத்தாவுக்கு வந்தது 'இ' பாரம். அது விசாரணைக்கான அழைப்பு. அப்பா உடனே ஒரு வழக்கறிஞரைப் பார்த்தார். "விசாரணையில் கோரிக்கை வைக்காதவர் பிறகு நீதிமன்றத்தில் ஆட்சேபிக்க முடியாது" என்பதுதான் அவர் முதலில் சொன்னது. பதிவுபெற்ற சொத்து மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கினோம். சந்தை விலையோடு, குடிபெயரும் செலவையும் கேட்கலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம்.

விசாரணைக்குப் பின் 'எச்' பாரத்தில் தொகை வந்தது. மதிப்பீட்டாளர் கணித்ததைவிடக் குறைவு. தொகை போதாது என்ற ஆட்சேபத்தை எழுத்தில் பதிந்துவிட்டுப் பணத்தைப் பெறலாம் என்றார் வழக்கறிஞர். அப்படியே செய்தோம். பிறகு 'என்' பாரத்தை நில நிர்வாகியிடம் கொடுத்தோம். அவர் வழியாகத்தான் விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். விசாரணைக்கு நேரில் போனவர்களுக்கு இதற்கான தவணை, இழப்பீடு முடிவான தேதியிலிருந்து 6 வாரம்.

நீதிமன்றத்தில் நீதிபதியுடன் மதிப்பீட்டாளர்களும் அமர்வார்கள். ஆனால் அவர்களுடைய கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது என்று செமினி ஜெயா வழக்கில் 2017இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டு வீடு தள்ளியிருந்த பாட்டிக்கும் அதே 'இ' பாரம் வந்திருந்தது. பிள்ளைகள் வெளியூரில். படித்துச் சொல்ல ஆளில்லை. அவர் விசாரணைக்குப் போகவில்லை, கோரிக்கையும் வைக்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டுக் கடிதத்தைப் படித்த நான், அவர் வீட்டுக் கதவையும் தட்டியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீடும் இப்போது இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

நம் வீடுகளில் மலாய்க் கடிதங்களைத் தெளிவாகப் படிக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் மாணவர்களாகிய நாம்தான். அரசாங்க முத்திரையோடு கடிதம் வந்தால் அலமாரிக்குப் போகும் முன் வாங்கிப் படியுங்கள். எந்தப் பாரம், எந்தத் தேதி என்று பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டிலும் விசாரியுங்கள்.