வேகாத பருப்பு

பள்ளிக்கூடத்துச் சாப்பாடு என்றாலே நம்மவர்களுக்கு நினைவுக்கு வருகிறவர் காமராசர். அவருக்கும் முன்னே, 1920-இல், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போட்டது. காமராசர் 1956-இல் மாநிலம் முழுதும் கொண்டுவந்தார், எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தார். நாம் பிழைக்க வந்த இந்தக் குஜராத்தில் 1984-இல் தொடங்கினார்கள். இதெல்லாம் பலரும் அறிந்த கதை. அந்தச் சோறு பிள்ளையின் வயிற்றுக்குப் போகிறதா, குப்பைக்குப் போகிறதா என்பது சமைக்கிறவர் கையிலும் வாத்தியார் கையிலும்தான் இருக்கிறது. நான் படித்த அறிஞன் அல்லன், பருப்பு வியாபாரி. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

குஜராத்தில் ‘திதி போஜன்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. பிறந்த நாள், நினைவு நாள் என்று எதையாவது முன்னிட்டு ஊரார் பள்ளிப் பிள்ளைகளுக்கு விருந்து வைக்கலாம், பண்டம் கொடுக்கலாம். சைனர்களாகிய எங்களுக்கு ஆகார தானம் நால்வகைத் தானங்களில் ஒன்று. என் தகப்பனார் நினைவாக, ஆமதாபாத்துக்கு வெளியே ஒரு தொடக்கப் பள்ளிக்கு அரை மூட்டை துவரம் பருப்பு அனுப்பினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கிடங்கில் இரண்டு மழைக்காலம் பார்த்த சரக்கு அது. விலை போகவில்லை.

பெருமையாகப் பார்க்கப் போனேன். சமையல் செய்யும் பென் (இங்கே எல்லாப் பெண்களும் சகோதரிகள்தாம்) அடுப்பைக் காட்டிக் குஜராத்தியில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: “சேட், ஒரு மணி நேரமா கொதிக்குது, இன்னும் கல்லு மாதிரி கிடக்கு. காஸ் தீருது, பசங்களும் ஒதுக்கி வைப்பாங்க. உங்க வீட்டுல இதைச் சமைப்பீங்களா?”

வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுநாள் கிடந்த பருப்பு இறுகிப் போகும். எத்தனை கொதித்தாலும் குழையாது. சோடா உப்புப் போட்டால் குழையும், ஆனால் பி1 உயிர்ச்சத்து கெடும். அந்த அம்மா சோடாவைத் தொடவில்லை.

அன்று அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. 2013-இல் பீகாரில் பூச்சிமருந்து கலந்த பள்ளி உணவால் 23 பிள்ளைகள் இறந்தபின் அதை வலியுறுத்திச் சொன்னார்கள். பல இடங்களில் ஒரு கரண்டி வாயில் போட்டுக் கையெழுத்து, அவ்வளவுதான். இங்கே தலைமை ஆசிரியை தட்டோடு பிள்ளைகள் வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறார். டீச்சர் சாப்பிடுகிற சுரைக்காயைப் பிள்ளை எப்படி ஒதுக்கும்?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அரசு அளவு நாளுக்குத் தானியம் 100 கிராம், பருப்பு 20 கிராம், காய் 50 கிராம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் ஒரே கரண்டி போட்டால் சின்னது மிச்சம் வைக்கும், பெரியது பசியோடு எழும். ஆகவே முதலில் கொஞ்சம், பிறகு கேட்டுக் கேட்டு இன்னொரு முறை. மிச்சம் விழும் தொட்டியைப் பென் தினமும் எட்டிப் பார்க்கிறார். சுரைக்காய் மிச்சமானால், அடுத்த தடவை துருவி மாவில் பிசைந்து தேப்லா ஆக்கிவிடுகிறார். தட்டுக் கழுவும் தண்ணீர் முருங்கைக்கும் கத்தரிக்கும் ஓடுகிறது.

இத்தனை செய்கிறவருக்கு 2009-இல் மத்திய அரசு வகுத்த மதிப்பூதியம் மாதம் 1000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம். மாநிலங்கள் தம் பங்குக்குக் கூட்டிக் கொடுப்பதுண்டு. என் கடையில் மூட்டை இறக்கும் ஆள் வாங்குவதை நான் இங்கே எழுத வெட்கப்படுகிறேன்.

மறுநாளே புதுப் பருப்பு அனுப்பினேன். பழையதைத் திருப்பி எடுத்துவந்து, பென் கேட்ட கேள்வியை என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. இரவு ஊறவைத்துக் காலையில் அரைத்தாள். அந்த மூட்டை தீரும்வரை எங்கள் வீட்டில் அடைதான்.