கணக்கு எழுதியவர் சிரிப்பு நடிகர் ஆனார்!

பெட்டியில் குறைந்த காசை சட்டைப்பையில் இருந்து போட்ட சிகாகோ குமாஸ்தா

மாலை 5 மணி. ஆபீசில் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்து வவுச்சர்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

சில்லறைச் செலவுக் கணக்கு உதைக்கிறது. பெட்டியில் ஒரு டாலரும் சொச்சமும் குறைகிறது!

6 மணி ஆயிற்று. 7 ஆயிற்று. 8-ம் ஆயிற்று. காசு கிடைக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

சில வாரம் இப்படிப் போராடிப் பார்த்தவர் ஒரு நாள் ஒரு காரியம் செய்தார். குறைந்த காசை தன் சட்டைப்பையில் இருந்து எடுத்துப் பெட்டியில் போட்டார். கணக்கை நேர் செய்தார். வீட்டுக்குப் போய்விட்டார்.

காசு அதிகமாக இருக்கும் நாளில்? அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வார்!

மேலதிகாரி கண்டுபிடித்துவிட்டார். "கணக்கு எழுதும் முறையா இது?" என்ற தோரணையில் கண்டித்தார். நம்மவரோ அசரவில்லை. ஒரு டாலரைத் தேட 3 மணி நேரம் உட்கார்ந்தால், அந்த 3 மணி நேரத்துச் சம்பளம் அந்த டாலரைவிட அதிகம் ஆயிற்றே என்பது அவருடைய வாதம்.

யோசித்தால் வாதம் சரிதான். ஆனால் இப்படி யோசிப்பவர் கணக்கர் நாற்காலியில் எத்தனை நாள் தாங்குவார்?

ஒரே பையன்

இவர் பெயர் பாப் நியூஹார்ட். 1929-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி, அமெரிக்காவில் சிகாகோ நகரை ஒட்டிய ஓக் பார்க்கில் பிறந்தவர். தகப்பனார் குழாய், வெப்பக் கருவி சாமான் வியாபாரத்தில் பங்குதாரர். மூன்று சகோதரிகள். பையன் இவர் ஒருவர்தான்.

சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தில் வணிகப் படிப்பு. 1952-ல் பட்டம். உடனே ராணுவத்தில் கட்டாய சேவை. கொரியாவில் சண்டை நடந்த நேரம். ஆனால் இவரைப் போர்முனைக்கு அனுப்பவில்லை. அமெரிக்காவிலேயே குமாஸ்தா வேலை கொடுத்தார்கள். அங்கேயும் பேனாதான்!

1954-ல் திரும்பி வந்தார். சட்டம் படிக்கச் சேர்ந்து, பாதியில் விட்டார். பிறகுதான் கணக்கர் வேலை. யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் என்ற பெரிய கட்டடச் சாமான் கம்பெனியில் உத்தியோகம். நல்ல கம்பெனி. மாதம் தவறாத சம்பளம். வேறு என்ன வேண்டும்?

டெலிபோன் விளையாட்டு

கணக்கு வேலையில் பிற்பகல் 3 மணிக்கு மேல் நேரம் நகராது. எட் கேலகர் என்று ஒரு நண்பர். விளம்பரத் துறையில் இருந்தவர். நியூஹார்ட் அவருக்குப் போன் போடுவார். வேறு யாரோ பேசுவது போல குரலை வைத்துக்கொண்டு, கோணங்கித்தனமாக ஒரு பிரச்சினையைச் சொல்வார். நண்பரும் விடாமல் பதில் கொடுப்பார். இது தினசரி வேடிக்கை ஆகிவிட்டது.

"இதை ரிக்கார்டு செய்து ரேடியோவுக்கு விற்றால் என்ன?" என்று இருவருக்கும் ஆசை வந்தது. விற்றும் பார்த்தார்கள். வரவுக்கும் செலவுக்கும் கட்டவில்லை. இரண்டு பேரில் ஒருவர் கணக்கர் என்பதை மறந்துவிடாதீர்கள்!

நண்பருக்கு நியூயார்க்கில் வேலை கிடைத்தது. அவர் போய்விட்டார்.

போனின் இந்த முனையில் நியூஹார்ட். அந்த முனையில் யாரும் இல்லை. அதையே அவர் உத்தியாக மாற்றிக்கொண்டார். மறுமுனையில் பேசுவது நமக்குக் கேட்காது. இவர் "ம்..." என்று கேட்டுக்கொண்டு நிற்பார். அங்கே என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகித்து ஊகித்துச் சிரிக்க வேண்டியது நம் பொறுப்பு. டெலிபோனை வைத்துச் சிரிக்க வைப்பது இவர் கண்டுபிடித்ததல்ல. அந்தக் காலத்து அமெரிக்க மேடைகளில் ஜார்ஜ் ஜெசல் போன்றவர்கள் இவருக்கு முன்பே செய்ததுதான். ஆனால் நடுவே விடும் அந்த மவுனம் இருக்கிறதே, அதை இவர் அளவுக்குப் பயன்படுத்தியவர்கள் குறைவு.

சம்பளம் இல்லாத காலம்

கணக்கர் வேலையை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் இப்படிச் செய்தால் என்ன பேசுவோம்? "இருக்கிற வேலையை விட்டுட்டு ஜோக் சொல்லப் போறானாம்!" என்றுதானே?

வயது 30-ஐ நெருங்குகிறது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மாவோடுதான் ஜாகை. இரவு விடுதி மேடை ஒருநாளும் ஏறியது கிடையாது. கைச்செலவுக்குக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். கடையில் சாமான் விற்றார். வேலையில்லாதவர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கும் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகவும் இருந்தார்.

அங்கே ஒரு கணக்குப் போட்டாராம். தனக்குக் கிடைக்கும் வாரச் சம்பளத்துக்கும், வரிசையில் நிற்பவர்கள் வாங்கும் உதவிப்பணத்துக்கும் சில டாலர்தான் வித்தியாசம். ஆனால் அவர்கள் வாரத்தில் ஒரு நாள் வந்தால் போதும்! அந்த வேலையையும் விட்டுவிட்டார். இது அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம்.

கேட்க வேடிக்கையாக இருக்கிறது. அந்த வருடங்களில் அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்காது. கூடப் படித்தவர்களுக்குப் பதவி உயர்வு வந்துகொண்டிருக்கும் வயதில், இவர் கையில் இருந்தது சில ஒலி நாடாக்கள்தான்.

கூட்டத்தைப் பார்க்காத நடிகர்

அந்த நாடாக்கள் வீண் போகவில்லை. சிகாகோ ரேடியோவில் புகழ்பெற்ற டான் சார்க்கின் என்பவர் மூலம், வார்னர் பிரதர்ஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் காதுக்குப் போயின. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த இரவு விடுதி நிகழ்ச்சியில் வந்து பதிவு செய்துகொள்கிறோம் என்றார்கள்.

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நிகழ்ச்சியா? முதல் நிகழ்ச்சியே இன்னும் நடக்கவில்லையே!

ஒருவழியாக டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் டைட்லேண்ட்ஸ் என்ற விடுதியில் இடம் பிடித்தார்கள். முதல் நாள் இரவு, கையில் இருந்த சரக்கு முழுவதையும் கொட்டிவிட்டு இறங்கினார். கைதட்டல் ஓயவில்லை. "திரும்பப் போ" என்று மேடைக்கு அனுப்பினார்கள். சொல்லப் புதிதாக எதுவும் இல்லை. சொன்னதில் எதை மறுபடி கேட்க விருப்பம் என்று கூட்டத்தையே கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

1960-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந்தேதி அங்கே பதிவானதுதான் "பட்டன்-டவுன் மைண்ட் ஆப் பாப் நியூஹார்ட்" இசைத்தட்டு. பட்டன்-டவுன் என்பது காலர் நுனிக்கும் பட்டன் போடும் ஆபீஸ் சட்டை. வேலையை விட்டும் சட்டை விடவில்லை!

தட்டு வெளிவந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் இடம்! வெறும் பேச்சுச் சிரிப்புத் தட்டு ஒன்று முதல் இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. 1961-ல் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி பரிசும் அதற்கே. போட்டியில் இருந்தவர்கள் யார் தெரியுமா? பிராங்க் சினாட்ரா, நாட் கிங் கோல், ஹாரி பெலபாண்டே. பாட்டுக்காரர்கள் எல்லோரையும் ஒரு பழைய கணக்கர் முந்திவிட்டார்.

ஆபீஸ் விடவில்லை

அவர் என்னதான் பேசினார்? அதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆபிரகாம் லிங்கனுக்கு ஒரு விளம்பர ஏஜண்டு இருந்தால் எப்படி இருக்கும்? கெட்டிஸ்பர்க் பேச்சுக்கு முன்னால் ஏஜண்டு போன் போடுகிறார். தாடியை எடுத்துவிட்டதாக லிங்கன் சொல்கிறார் போலும், இவர் பதறுகிறார். பேச்சின் தொடக்கத்தில் சுற்றி வளைத்துச் சொல்லும் ஆண்டுக் கணக்கை, நேராக 87 என்று மாற்றிவிட்டேன் என்கிறார் லிங்கன். ஐயோ, அதைத் தொடவே தொடாதீர்கள் என்று ஏஜண்டு கெஞ்சுகிறார்.

இன்னொன்று. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் புதிதாகச் சேர்ந்த காவலாளி. வேலைக்கு அன்றுதான் முதல் ராத்திரி. கிங் காங் என்ற ராட்சதக் குரங்கு கட்டடத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது! காவலாளி மேலதிகாரிக்குப் போன் செய்கிறார். விதிமுறைப் புத்தகத்தில் குரங்கு என்ற தலைப்பில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லையே என்கிறார். ராத்திரி நேரத்தில் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்பும் கேட்கிறார்!

ஆபீசில் உட்கார்ந்து தேயாதவர் மூளையில் இது உதிக்குமா? ரூல் புத்தகம், மேலதிகாரி பயம், "இது என் பொறுப்பில் வராதே" என்ற இழுப்பு. எல்லாம் அந்த மேஜையில் கற்றது. அங்கே கழித்த வருடங்கள் வீண் என்று நினைத்திருப்பார். அதுவே கடைசி வரை முதலாக நின்றது.

பேச்சில் கொஞ்சம் திக்கல் உண்டு. டெலிவிஷன் படப்பிடிப்பில் ஒருமுறை நேரம் இழுக்கிறது, திக்கலைக் குறைக்க முடியுமா என்று கேட்டார்களாம். பெவர்லி ஹில்சில் வீடு வாங்கிக் கொடுத்ததே அந்தத் திக்கல்தான் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

1963-ல் கல்யாணம். டெலிவிஷனில் 1972 முதல் 1978 வரை ஒரு தொடர்; அதில் மனநல நிபுணர் வேடம். 1982 முதல் 1990 வரை இன்னொன்று. அதில் தங்கும் விடுதிக்காரர். இரண்டிலும் சுற்றியுள்ளவர்கள் கிறுக்குத்தனம் செய்வார்கள். இவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நடிப்புக்கான எம்மி பரிசு மட்டும் பல வருடம் கைக்கு எட்டாமல் நழுவியது. 2013-ல் "பிக் பேங் தியரி" தொடரில் கவுரவ வேடத்துக்காக அதையும் வாங்கினார். அப்போது வயது 84.

60 ஆண்டு கூட வாழ்ந்த மனைவி 2023-ல் காலமானார். அடுத்த வருடம், 2024 ஜூலை 18-ந்தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் நியூஹார்ட் இறந்தார். வயது 94.