துளை போடுமுன் மட்டை வெட்டுங்கள்

1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் தங்கியது புத்தளம் கரையோரத்தில். கிடுகுக் கொட்டில்கள் கல்வீடாக நெடுங்காலம் எடுத்தது. ஆலங்குடாவில் அப்படியொரு வீட்டின் முதல் குசினி அலுமாரிக்குக் கைபிடி பூட்டுவதைப் பார்த்தேன். துளை பிழைத்தால் வேறு பலகைக்குக் காசில்லை.

தச்சர் இரு திருகாணித் துளைகளின் நடுவுக்கு நடு அளந்தார்: 96 மில்லிமீற்றர். முழு நீளத்தை அளப்பதுதான் பலர் விடும் பிழை. அளவைக் காட்போட் மட்டையில் குறித்து, எல்லாக் கதவுக்கும் அதையே வைத்தார். பிணைச்சலுக்கு எதிர்ப்பக்கம், மேலலுமாரிக்குக் கீழ்மூலை, கீழலுமாரிக்கு மேல்மூலை, லாச்சிக்கு நடு. உப்புக்காற்றில் மலிவு முலாம் சீக்கிரம் துருவேறும். மாற்றும்போதும் 96 வாங்கினால் பழைய துளையே போதும்.

வீட்டுக்கார உம்மா கையை நீட்டிப் பார்த்து, மேலலுமாரிக் கைபிடியை ஒரு விரற்கடை இறக்கச் சொன்னார். தச்சர் மட்டையைத் திரும்ப வெட்டினார்.