நாலு பேருக்கா, பத்துப் பேருக்கா?

சமையல் குறிப்புகளில் '6 பேருக்கு' என்று போட்டிருக்கும். நம் வீட்டிலோ நாலு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு வந்துவிட்டால் பத்துப் பேர் ஆகிவிடும். குத்துமதிப்பாகப் போட்டால் ஒன்று மிஞ்சிப் போகும். இல்லாவிட்டால் கடைசியில் சாப்பிட உட்காருகிற நமக்கு இருக்காது! பள்ளிக்கூடத்தில் படித்த பின்னக் கணக்கு இங்கேதான் கை கொடுக்கிறது. பயப்படாதீர்கள், ரொம்பச் சுலபம்.

முதலில் ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். 6 பேருக்கான சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். பச்சரிசி 1½ கப், பாசிப்பருப்பு ¾ கப், வெல்லம் 3 கப், நெய் 6 மேஜைக்கரண்டி, முந்திரி 18. எல்லாவற்றையும் 6-ஆல் வகுத்தால், ஒரு ஆளுக்கு அரிசி ¼ கப், பருப்பு ⅛ கப் (பாட்டிமார் சொல்வார்களே, அரைக்கால், அதுதான்), வெல்லம் ½ கப், நெய் 1 மேஜைக்கரண்டி, முந்திரி 3. இதை நோட்டில் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

4 பேருக்கு: அரிசி 1 கப், பருப்பு ½ கப், வெல்லம் 2 கப், நெய் 4 மேஜைக்கரண்டி, முந்திரி 12.

10 பேருக்கு: அரிசி 2½ கப், பருப்பு 1¼ கப், வெல்லம் 5 கப், நெய் 10 மேஜைக்கரண்டி, முந்திரி 30.

ஆள் கணக்கே இல்லாமல் விகிதத்தை வைத்தும் போடலாம். இட்லிக்கு 4 பங்கு அரிசி, 1 பங்கு உளுந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் ¾ கப் உளுந்துதான் இருக்கிறதா? அரிசியை 3 கப்போடு நிறுத்திவிடுங்கள். மாவு குறையும், இட்லியின் மென்மை குறையாது.

⅓ கப் அளக்கக் கப் இல்லையா? 1 மேஜைக்கரண்டி என்பது 3 தேக்கரண்டி. 1 கப் என்பது 16 மேஜைக்கரண்டி. ஆகவே ⅓ கப்புக்கு 5 மேஜைக்கரண்டியும் 1 தேக்கரண்டியும் போட்டால் சரியாக இருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கிவிடக் கூடாது. உப்பு, காரம், புளி மூன்றையும் கணக்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டு, ருசி பார்த்துச் சேருங்கள். போட்டுட்டா எடுக்க முடியாதே! பச்சைக் கர்ப்பூரம் கூடினால் பொங்கல் கசந்துவிடும். குழம்பை இரண்டு மடங்காக வைத்தாலும் ஆவியாகிப் போகும் தண்ணீர் இரண்டு மடங்காகாது. அதனால் தண்ணீரையும் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். குக்கரில் அரிசி, பருப்பு வேகவைக்கும்போது தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நிறைய ஆட்கள் என்றால் இரண்டு தடவையாக வையுங்கள்.

இளம் தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கிற உப்பு சர்க்கரைத் தண்ணீர்தான் அது. காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய ½ தேக்கரண்டி உப்பு. அரை லிட்டருக்கு 3 தேக்கரண்டி சர்க்கரை, ¼ தேக்கரண்டி உப்பு. 200 மில்லி டம்ளருக்குக் கணக்குப் போட்டால் உப்பு 1/10 தேக்கரண்டி வருகிறது. அதை எந்தக் கையாலும் அளக்க முடியாது. விரலால் கிள்ளிப் போட்டு உப்பு கூடிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே முழு லிட்டராகவே கலக்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள்.

கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். உறையில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அவ்வளவிலும் முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும். 'பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு' என்று பிரிக்காதீர்கள். குழந்தை சோர்ந்து போனாலோ, குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.