திருச்சிக்கு எந்த வழி கிட்ட?

மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் சொந்தக்காரர் உள்ள குடும்பங்கள் பல. கல்யாணம், சாவு என்று போகவேண்டி வந்தால், முன்பு கட்டுநாயக்க ஒன்றுதான் வழி. 2025 மார்ச் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் பலாலியிலிருந்தும் திருச்சிக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. "பலாலிதானே கிட்ட, சீக்கிரம் போயிடலாம்" என்று நினைக்கத் தோன்றும். டிக்கட்டுக்குக் காசு கட்டும் முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ஆகாயத்தில் நேர்கோடாக அளந்தால் பலாலி – திருச்சி ஏறக்குறைய 185 கிலோமீற்றர். கட்டுநாயக்க – திருச்சி ஏறக்குறைய 415. ஒன்றைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் டிக்கட்டில் போட்டிருக்கும் நேரம் இரண்டுக்கும் ஒரு மணித்தியாலம் அளவில்தான். இது எப்படி?

கட்டுநாயக்கவிலிருந்து போவது பெரிய ஜெட் விமானம். மேலே ஏறியபின் மணிக்கு 800 கிலோமீற்றர் வேகம் பிடிக்கும். பலாலிக்கு வருவது எழுபது சொச்சம் பேர் ஏறும் சிறிய காற்றாடி விமானம்; அதன் வேகம் 500 அளவில்தான். இன்னொன்று, டிக்கட் நேரம் என்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்திலிருந்து நகர்வது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கிய பின் வந்து நிற்பது எல்லாம் அதில் சேர்த்தி. தூரம் குறைந்தாலும் இந்த நேரம் குறையாது.

இனி ரோட்டுக் கணக்கு. இதில்தான் நம்மவர்கள் ஏமாறுவது. மாத்தளையிலிருந்து கட்டுநாயக்க 130 கிலோமீற்றருக்கு உள்ளே. பஸ் மாறிப் போனாலும் நான்கைந்து மணித்தியாலம். பலாலிக்கு ஏ9 பாதையில் தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி தாண்டி 300 கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம். மூன்று மணித்தியாலம் முன்னதாக விமான நிலையத்தில் நிற்கவேண்டும். எல்லாம் கூட்டினால் கட்டுநாயக்க வழி எட்டு, ஒன்பது. பலாலி வழி பதினொன்று, பன்னிரண்டு. தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கும் நேரம் வேறு. பலாலி டிக்கட் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் ஒரு நாள் பேர் கூடுதலாகப் போனால், இரவு தங்கவேண்டி வந்தால், அந்த மிச்சம் கரைந்துபோகும். வவுனியா, கிளிநொச்சியில் குடியேறிய சொந்தங்களுக்கோ பலாலிதான் லாபம்.

(கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். அதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களுக்கு, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை 16 நாள் எடுத்தது.)

டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். 2006 ஏப்ரல் முதல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தான், குழப்பமில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் கவனிக்கவும்: டுபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். இங்கே காலை 10க்கு ஏறி அங்கே பகல் 1க்கு இறங்கினால், பயணம் மூன்றல்ல, நாலரை மணித்தியாலம்.

சிறிய விமானங்களின் நேரமும் நாளும் மாறக்கூடும். எந்தெந்தக் கிழமை பறக்கிறது, எத்தனை கிலோ சாமான் விடுவார்கள் என்று டிக்கட் எடுக்கும்போதே கேட்டு, திரும்பி வரும் நாளையும் பார்த்துத் துரையிடம் லீவு சொல்லுங்கள்.