மெத்தை என்னும் பெயரும் அதன் பொருளும்

துயில் கொள்ளும் இடத்தைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல. பாய், பாயல், பள்ளி, சேக்கை, அணை, அமளி என அவை விரியும். நெடுநல்வாடை பாண்டிமாதேவியின் கட்டிலை வருணிக்குமிடத்து, யானைக்கோட்டினால் அமைந்த அக்கட்டிலின்மேல் அன்னத்தின் தூவி பரப்பிய அணையைக் காட்டுகின்றது. பஞ்சசயனம் என்னும் தொடருக்கு உரை கூறுவோர் இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர், தூவி என ஐந்தினை எண்ணுவர். அரசிக்கு அமைந்த அணையாயினும் உழவன் விரித்த பாயாயினும் ஒன்றில் அவை ஒத்தன: இயற்கை தந்தவற்றால் ஆகி, இயற்கையிலேயே அடங்கின. இலவம்பஞ்சு மெத்தை இறுகினால் வெயிலில் உலர்த்திப் பஞ்சை அடித்துப் புதிய உறையில் நிரப்புவர். குளக்கரைப் புல்லால் இழைத்த பாய் கிழிந்தால் எருக்குழியைச் சேரும். ஆதலின், பழைய படுக்கையை என் செய்வது என்று சட்டம் வகுக்கும் தேவை நம் முன்னோர்க்கு எழவில்லை.

இற்றை நாள் மெத்தையோ வேறு. உருக்குச் சுருள்வில், பொலியூரித்தேன் நுரை, செயற்கை இழைத்துணி, பசை ஆகியன ஒன்றோடொன்று பிரியாவண்ணம் இணைந்து நிற்பது அது. புதைத்தால் நுரை எளிதில் உக்குவதில்லை. எரித்தால் காபனோரொட்சைட்டு, ஐதரசன் சயனைட்டு முதலாய நச்சு வாயுக்கள் எழும். கோடியில் வைத்துக் கொளுத்திவிடும் வழக்கம் பஞ்சு மெத்தைக்கு ஒருவாறு பொருந்தியிருக்கலாம். நுரை மெத்தைக்கு அது பொருந்தாது.

இப்பொருளைக் குறித்து நம் நாடு கற்ற பாடம் ஒன்றுண்டு. 2017ஆம் ஆண்டு முதல் ஐக்கிய இராச்சியத்திலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கொள்கலன்கள் பல வந்திறங்கின. பாவித்த மெத்தைகளும் தரைவிரிப்புகளும் என்பது தாளிலே எழுதப்பட்ட பெயர். அவற்றின் சுருள்வில்லைப் பிரித்தெடுத்து மீள ஏற்றுமதி செய்வதே நோக்கம் எனவும் கூறப்பட்டது. ஒரு பகுதி கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்திலே குவிந்தது. மறுபகுதி துறைமுகத்திலே கேட்பாரற்றுக் கிடந்தது. 2019 யூலையில் இச்செய்தி வெளிப்பட்டபோது நாடு திடுக்கிட்டது. மெத்தைகளோடு மருத்துவமனைக் கழிவுகளும் கலந்திருந்தன என்று சுங்கத் திணைக்களம் அறிவித்தது.

சுற்றாடல் நீதிக்கான மையம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடிற்று. கழிவுகளை அனுப்பிய இடத்துக்கே திருப்பவேண்டும் என்னும் அதன் கோரிக்கையை நீதிமன்றம் 2020இல் ஏற்றது. அவ்வாண்டு செப்தெம்பரில் 21 கொள்கலன்கள் முதலிற் புறப்பட்டன. 2022 பெப்ரவரியில் இறுதித் தொகுதி கப்பலேறிற்று. மொத்தம் 263 கொள்கலன்கள். ஏறத்தாழ 3,000 தொன். வந்தது வந்தவழியே மீண்டதாயினும், மீளுவதற்குச் சென்ற ஆண்டுகள் எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அப்படியாயின் நாட்டிற் சட்டம் இருக்கவில்லையா? இருந்தது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008இல் வெளிவந்த ஒழுங்குவிதிகள், அட்டவணைப்படுத்திய கழிவுகளைச் சேர்த்தல், ஏற்றிச் செல்லல், களஞ்சியப்படுத்தல், மீள்சுழற்சி செய்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிமம் வேண்டும் என்கின்றன. 1989இல் உருவாகி 1992இல் நடைமுறைக்கு வந்த பேசல் சமவாயத்தில் இலங்கையும் ஓர் உறுப்பு நாடு. வீடுகளிற் சேரும் கழிவை ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு அனுப்புமுன் பெறும் நாட்டின் எழுத்து மூலமான இசைவைப் பெறவேண்டும் என்பது அச்சமவாயத்தின் விதி. எனினும் வாயில் ஒன்று திறந்திருந்தது. 2012ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், பொருளை இறக்கி மீள ஏற்றுமதி செய்யும் வணிக மையங்களுக்குச் சுங்கக் கட்டளைச் சட்டம் முதலியவற்றிலிருந்து விலக்களித்தது. வணிகத்தை வளர்க்க வகுத்த விலக்கின் நிழலிலே கழிவு உள்ளே வந்தது.

இலக்கணம் கற்பிப்போர்க்கு இவ்விடத்தில் ஒன்று புலனாகும். பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கின்றோம். மீள்சுழற்சி காரணப்பெயர், மீளச் சுழன்று பயன்படுவதாலே அப்பெயர் பெற்றது. பயன்படாத ஒன்றுக்கு அப்பெயரைச் சூட்டுவோர் காரணப்பெயரை இடுகுறியாக்கி விடுகின்றனர். சட்டத்தின் வலிமை தண்டத்தில் மாத்திரம் இல்லை, வரைவிலக்கணத்திலும் இருக்கின்றது. ‘பழம்பொருள்’ எங்கே முடிகின்றது, ‘கழிவு’ எங்கே தொடங்குகின்றது என்பதை ஐயந்திரிபறச் சொல்லாத சட்டம், கதவிருந்தும் தாழில்லாத வீடு போன்றது.

பிற நாடுகள் இதனை எவ்வாறு ஆளுகின்றன? ஐக்கிய அமெரிக்காவிலே கனெற்றிக்கற் மாநிலம் 2013இல் மெத்தைக்கெனத் தனிச்சட்டம் இயற்றிற்று. கலிபோர்னியாவும் றோட் ஐலன்டும் அவ்வாண்டே அதனைப் பின்பற்றின. ஒறிகன் 2022இற் சேர்ந்தது. புதிய மெத்தை வாங்குவோரிடம் சிறு கட்டணம் பெறப்படுகின்றது. அப்பணத்தைக் கொண்டு உற்பத்தியாளர் அமைப்பு பழைய மெத்தைகளைச் சேர்த்துப் பிரித்தெடுக்கின்றது. பிரான்சிலும் 2013 முதல் தளபாடங்களின் விலையோடு இத்தகைய பங்களிப்பு அறவிடப்படுகின்றது. பொருளைச் செய்தவனுக்கு அதன் முடிவிலும் பொறுப்புண்டு என்பதே இவற்றின் அடிப்படை. மெத்தையினுள்ளே இருப்பது புதியதா பழையதா என்று சீட்டிலே பொறித்துத் தைக்கவேண்டும் என்னும் விதியும் அமெரிக்க மாநிலங்களில் நெடுங்காலமாக உண்டு. பழம்பஞ்சுக்குப் புதுத்துணி போர்த்தி ஏழையை ஏமாற்றாதிருக்க எழுந்த விதி அது.

கொழும்புத் துறைமுகத்துக்கும் வன்னிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தலைசாய்க்க ஓர் இடத்தின் அருமையை இந்நிலம் அறிந்ததுபோற் பிற நிலம் அறிந்திராது. 2004இன் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வாரிச் சென்றது. 2009இல் இலட்சக்கணக்கானோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே தறப்பாளின் கீழ் மண்மேற் படுத்தனர். 2012 செப்தெம்பரிலேயே அம்முகாம் மூடப்பட்டது. மீளக் குடியேறிய வீட்டில் ஒரு மெத்தை வந்து சேர்வது சிறு செய்தியன்று. அந்த மெத்தைக்கும் ஒருநாள் மூப்பு வரும். அன்று அது இரணைமடுவின் வாய்க்காலில் வீழ்வதா, காட்டோரத்திற் புகைவதா, அன்றிப் பிரிந்து பயன்படுவதா என்பதே வினா. வவுனியாவுக்கு அணித்தான பம்பைமடுவிலே குப்பை கொட்டுவதை எதிர்த்து அயலூர் மக்கள் குரலெழுப்பியதையும் நாம் மறத்தலாகாது. ஊரின் கழிவு எங்கோ ஓர் ஏழையின் வாசலிலேதான் சென்று சேர்கின்றது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் குப்பை அகற்றும் கடமையைச் சபைகளிடம் ஒப்படைத்துள்ளது. கரைச்சியும் பூநகரியும் புதுக்குடியிருப்பும் துணுக்காயும் தத்தம் எல்லையில் பழைய மெத்தைகளை ஏற்கும் நாள் ஒன்றைக் குறித்தல் கூடும். பிரித்தெடுக்கும் தொழிலைக் கூட்டுறவுச் சங்கங்களிடம் விடலாம். சுருள்வில் இரும்புக் கடைக்குச் செல்லும், தும்பு பசளையாகும், தூய நுரை தலையணைக்குள் நிரம்பும். தொழில் செய்வோருக்கு உரிமமும் கையுறையும் முகமறைப்பும் வேண்டும். நோயாளர் பாவித்தவை புறம்பாக ஒதுக்கப்படல் வேண்டும். இச்செலவை ஊர்ச்சபை மாத்திரம் சுமத்தல் இயலாது. மெத்தை விற்போரின் கட்டணத்திலிருந்து அதற்கு வழிவகுத்தல் அரசின் கடன்.

பிறர் கழிவை மெத்தை என்ற பெயரில் ஏற்க மறுத்த நாடு, தன் மெத்தையைக் கழிவு என்ற பெயரில் அயலான் நிலத்தில் எறிதல் முறையன்று. கடலுக்கு அப்பால் இருப்போரிடம் நாம் கேட்ட நீதியைப் பக்கத்து ஊராருக்கும் வழங்குவோமாக.